முதலில் பெரிய வீட்டை அளப்போம்

கொடைக்கானலில் வரியைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நம்ம நாட்டுல எவன் ஒழுங்கா வரி கட்டுறான்?" டீக்கடையில் சொல்வார்கள். நகராட்சி கவுண்டரில் கையில் பணத்தோடு வரிசையில் நின்றுகொண்டும் சொல்வார்கள். இந்த ஊர்க் கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது என் தொழில். சாக்லேட் கடை, தைலக் கடை, மளிகை, நாலு மேசை போட்ட சாப்பாட்டுக் கடை, மலைப்பூண்டு வாங்கி விற்பவர் என்று எல்லா வகைக் கணக்கும் என் மேசைக்கு வருகிறது. அதை வைத்துச் சொல்கிறேன், அந்தப் பேச்சு பாதிதான் நிஜம். சின்னவர்கள் பெரும்பாலும் கட்டிவிடுகிறார்கள். பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. பதிவேட்டிலேயே ஏறாத சொத்து, ஏறினாலும் அளவு குறைத்து ஏறிய சொத்து, விடுதியாக நடந்துகொண்டு வீடு என்று எழுதப்பட்ட சொத்து, இவற்றிடம் யாரும் கேட்பதே இல்லை.

என் வாதம் இதுதான். ஏழை நாடுகளும் நம்மைப் போன்ற வளரும் நாடுகளும் வரி வசூலைக் கூட்ட வேண்டுமானால், ஏற்கெனவே கட்டுகிறவர்களை இன்னும் நெருக்குவதில் தொடங்கக் கூடாது. அளக்காமல் விட்டதை அளப்பதில் தொடங்க வேண்டும், அதுவும் பெரியதிலிருந்து. நியாயம் வந்தால் வசூல் பின்னாலேயே வரும். வசூலை மட்டும் குறிவைத்தால் இரண்டும் கெடும்.

மூஞ்சிக்கல்லுக்குக் கீழே சரிவில் குடியிருக்கும் ஓர் அக்காவுக்கு வீட்டு வரியை நான்தான் ஆன்லைனில் கட்டிக் கொடுக்கிறேன். கேரட், பீன்ஸ், பட்டர் பீன்ஸ் விற்கிறவர். ஏப்ரல் பிறந்ததும் வந்துவிடுவார். 30ஆம் தேதிக்குள் கட்டினால் அரையாண்டு வரியில் 5 சதவீதம் குறையும், அவருக்கு அது ஒரு கிலோ பீன்ஸ் காசு. ஆனால் அவர் அதற்காக மட்டும் அவசரப்படவில்லை. ரசீதை அச்சடித்துக் கையில் கொடுக்கும்வரை நகர மாட்டார். போனிலேயே வந்துவிட்டதே அக்கா என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். தாளை மடிக்காமல் வாங்கி, கொண்டுவந்த பிளாஸ்டிக் கவருக்குள் வைப்பார். அதில் அவருடைய மாமனார் காலத்து ரசீதுகள்கூட இருக்கின்றன. கார்பன் தாளின் நீலம் மங்கிப்போனவை, ஓரம் கரையான் அரித்தவை, கையெழுத்து மட்டும் மிச்சமானவை. "இது இருந்தாத்தான் தம்பி, நாங்க இங்கதான் இருந்தோம்னு பேச முடியும்" என்பார்.

மலையில் பட்டா இல்லாத வீடுகள் நிறைய. புறம்போக்கில் குடியிருப்பவருக்கு வருவாய்த் துறை கொடுக்கும் பி மெமோ என்பது 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் வருகிற அபராதச் சீட்டு. அதையும் மக்கள் பத்திரம் போலப் பாதுகாக்கிறார்கள், இத்தனை வருஷமாக இந்த இடத்தில் இருக்கிறோம் என்பதற்கு அரசே எழுதிக் கொடுத்த சாட்சி என்பதால். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனாலும் ஒரு மின் இணைப்புக்கோ முகவரி மாற்றத்துக்கோ முதலில் நீட்டுவது அதைத்தான். ஏழைகள் வரி கட்ட மாட்டார்கள் என்று பேசுகிறவர்கள் இந்தக் கவரை ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். கேட்கிற விதத்தில் கேட்டு, கட்டியதற்கு ஒரு மதிப்பும் கொடுத்தால், இல்லாதவர்தான் முதலில் வருவார்.

அந்த அக்காவின் வீட்டை அளந்தபோது நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். 2022 ஏப்ரலில் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்தியது. சென்னைக்கு வெளியே உள்ள நகரங்களில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. வீடு சின்னதானால் உயர்வும் சின்னது, நல்ல ஏற்பாடுதான். அக்காவின் வீடு 600க்குச் சற்றே உள்ளே இருந்தது. பிரச்சினை விறகுக் கொட்டகையில் வந்தது. சரிவில் கட்டிய வீடு, தரைக்குக் கீழே ஒரு பக்கம் பள்ளம், அங்கே தகரம் போட்டு விறகும் சாக்குமூட்டையும் வைத்திருக்கிறார்கள். அதைத் தளமாகச் சேர்த்தால் 600ஐத் தாண்டும். வந்த பில் கலெக்டர் குனிந்து உள்ளே போய்ப் பார்த்தார். மூன்று பக்கம் சுவர் இல்லை, ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது, சேர்க்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தார். நல்ல மனிதர். ஆனால் ஒரு விறகுக் கொட்டகைக்காக ஒரு காலைப்பொழுதே செலவானது.

அதே சரிவில் நூறடி மேலே ஒரு பங்களா. உயரமான காம்பவுண்டு சுவர், பூட்டிய இரும்புக் கேட், உள்ளே நாலு கார் நிறுத்த இடம், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி கண்ணாடி அறைகள். பதிவேட்டில் அது குடியிருப்பு. இணையத்தில் தேடினால் அறை அறையாகப் படம், சனி ஞாயிறு வாடகை, காலைச் சாப்பாடு சேர்த்தா இல்லையா என்பது வரை இருக்கிறது. அக்கா ஒரு மாதம் கேரட் விற்று மிச்சம் பிடிப்பதை அங்கே ஓர் அறை ஒரே வார இறுதியில் ஈட்டிவிடும். பின்னால் ஒரு தளம் பிற்பாடு எழுந்ததை ஊரே பார்த்தது. அந்தக் கேட்டைத் தாண்டி நாடா போனதாக ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தண்ணீர் மட்டும் போகிறது. கோடையில் எங்கள் தெருவுக்கு நாள் தள்ளித் தள்ளித் தண்ணீர் வரும்போது அங்கே லாரி நிற்கும். குப்பை பிரகாசபுரம் கிடங்குக்குத்தான் போகிறது, எல்லோர் குப்பையோடும் சேர்ந்து.

ஒரே ஒரு பங்களா என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். வட்டக்கானல் பக்கமோ வில்பட்டி பக்கமோ போய்ப் பாருங்கள். நகராட்சி எல்லை முடிந்து ஊராட்சி தொடங்கும் இடத்தில், வரி இன்னும் குறைவாக இருக்கும் இடத்தில், காட்டேஜ்கள் எப்படி முளைத்திருக்கின்றன என்று தெரியும்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: மலையில் எங்கே எத்தனை அறை இருக்கிறது என்று யார் போய் எண்ணுவது? எண்ண முடியும். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டி வர முடியாது. 2025இல் உச்சவரம்பும் வந்தது: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. ஒவ்வொரு வண்டியின் எண்ணும் வரும் நாளும் அரசாங்கத்திடம் இருக்கிறது. இத்தனை ஆயிரம் வண்டி மேலே வந்தால் அதில் வந்தவர்கள் எங்கோ படுத்துத் தூங்கித்தானே ஆக வேண்டும்? விடுதி என்று பதிவான இடங்களில் இருக்கும் படுக்கைகளைக் கூட்டிப் பார்த்தாலே மீதி எங்கே தங்குகிறது என்பது வெளிச்சத்துக்கு வந்துவிடும். வண்டியை எண்ணத் தெரிந்த அரசுக்குக் கட்டிலை எண்ணத் தெரியாதா?

இது எங்கள் ஊர் வியாதி மட்டுமில்லை. 2016-17 மத்திய பொருளாதார ஆய்வறிக்கை செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தது. பெங்களூருவும் ஜெய்ப்பூரும் சொத்து வரியாக வசூலித்திருக்கக்கூடியதில் 5 முதல் 20 சதவீதத்தைத்தான் வசூலிக்கின்றன என்றது. இந்தியா முழுவதும் சொத்து வரி, நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 0.2 சதவீதம். பணக்கார நாடுகளில் இது ஒரு சதவீதத்தைத் தாண்டும். நிலமும் கட்டடமும் ஓடி ஒளிய முடியாதவை. அவற்றிலிருந்தே இவ்வளவு கொஞ்சம் வருகிறது என்றால், பார்க்க வேண்டாம் என்று யாரோ தீர்மானித்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

பார்க்கலாம் என்று தீர்மானித்த ஓர் ஊர் உண்டு. சியரா லியோனின் தலைநகர் ஃப்ரீடவுன். கடலை ஒட்டி மலைச்சரிவில் ஏறிய ஊர், மேலே பங்களாக்கள், இடுக்குகளில் தகரக் குடிசைகள். படங்களில் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர்ச் சரிவுதான் நினைவுக்கு வந்தது. அங்கே பழைய முறையில் வரி பெரும்பாலும் பரப்பளவை வைத்தே போடப்பட்டது, அதனால் குடிசைக்கும் மாளிகைக்கும் வித்தியாசம் போதவில்லை. 2018இல் மேயரான இவோன் அகி-சாயர் காலத்தில் அதை மாற்றினார்கள். செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொரு கூரையாக அடையாளம் கண்டார்கள். பிறகு ஆட்கள் போய், வீட்டுக்குள் நுழையாமலேயே, தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரிவதைக் குறித்தார்கள். கூரை எதனால் ஆனது, சுவர் எப்படி, காம்பவுண்டு உண்டா, கார் போகும் பாதை உண்டா, என்ன மாதிரி இடத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் புள்ளி, புள்ளிக்கு ஏற்ப வரி. பதிவேட்டில் சுமார் 57,000 ஆக இருந்த சொத்துகள் 1,20,000ஐத் தாண்டின. மேல்தட்டில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்கு சொத்துகளுக்கு வரி மூன்று மடங்குக்கும் மேல் ஏறியது. அடித்தட்டு ஐந்தில் ஒரு பங்குக்குப் பாதியாகக் குறைந்தது. இப்படிக் குறைத்த பிறகும் நகரம் வசூலிக்கக்கூடிய மொத்தத் தொகை ஏறக்குறைய ஐந்து மடங்கானது.

எதிர்ப்பு வராமலா இருக்கும்? அந்த நாட்டின் மத்திய அரசே நடுவில் புகுந்து, வழிமுறை வகுக்க வேண்டும் என்று வசூலைச் சில காலம் நிறுத்தி வைத்தது. பெரிய வீடுகளில் இருப்பவர்களுக்குப் பெரிய இடத்தில் காதுகள் இருக்கும், எந்த நாடானாலும் அப்படித்தான். ஆனாலும் முறை தப்பிப் பிழைத்தது. அங்கே எனக்கு மிகவும் பிடித்தது, கொடுத்த புள்ளி சரியா என்று தெருவில் நிற்கும் யாரும் சரிபார்க்க முடியும் என்பது. எங்கள் முறையில் ஆண்டு வாடகை மதிப்பு, மண்டலம், கட்டட வயது, உபயோகம் என்று கணக்கு போகிறது. எண்களோடு தினமும் புரளுகிற நானே அதை அக்காவுக்கு விளக்கத் திணறுகிறேன். தன் வரி எப்படி வந்தது என்று தனக்கும், பக்கத்து வீட்டு வரி எப்படி வந்தது என்று ஊருக்கும் புரியாதவரை, பேரம் பேச இடம் இருந்துகொண்டே இருக்கும்.

அந்த பேரம் எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் நடந்த ஒரு சோதனை நல்ல சாட்சி. சொத்து வரி வசூலிப்பவர்களுக்கு, வசூலுக்கு ஏற்ப ஊக்கத்தொகை கொடுத்துப் பார்த்தார்கள். வசூல் வேகமாகக் கூடியது. கூடவே லஞ்சமும் ஏறியது. வெகு சில சொத்துகள் மறுமதிப்பீடு செய்யப்பட்டு நிறைய வரி கட்டின. மற்றவர்கள் அதிலிருந்து தப்பிக்க வசூலிப்பவருக்கு முன்னைவிட அதிகமாகக் கொடுத்தார்கள். பில் கலெக்டருக்கு இலக்கு வைத்து விரட்டுவதே தீர்வு என்று பேசுகிறவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வது. அவரிடம் இருக்கும் பதிவேடு ஓட்டையாக இருக்கும்போது அவரை விரட்டினால், எளிதில் அகப்படுகிறவரைத்தான் பிடிப்பார். விறகுக் கொட்டகை அளக்கப்படும்.

வசூலைப் பற்றி இன்னொரு ஆய்வு, காங்கோவின் கனங்கா நகரில் நடந்தது, எனக்கு நம்பிக்கை தருகிறது. அங்கே வரி வசூல் பிரச்சாரம் நடந்த பகுதிகளில் அரசு கூட்டிய பொதுக்கூட்டங்களுக்கு வருவதோ அரசின் செயல்பாட்டை மதிப்பிட்டு எழுதிக் கொடுப்பதோ கூடியது, ஏறக்குறைய ஐந்து சதவீதப் புள்ளிகள். பணம் கேட்டதும் கேள்வியும் வந்துவிட்டது. இதை நம் கிராமசபையோடு சேர்த்துப் பாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம் நடக்க வேண்டும். ஊராட்சியின் வரவு செலவை அங்கே மக்கள் முன்னால் வைக்க வேண்டும். நான் போன கூட்டங்களில் தீர்மானங்களைப் படிப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள், நூறு நாள் வேலை பற்றிச் சண்டை நடக்கும். வீட்டு வரியாக எவ்வளவு வந்தது, எங்கிருந்து வந்தது, எங்கிருந்து வரவில்லை என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்க வேண்டியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்த ரசீதுக் கவர்காரர்கள்தான். அவர்கள்தான் கட்டியிருக்கிறார்கள்.

சொத்து வரியோடு நிறுத்திவிட மனம் வரவில்லை, ஏனென்றால் வேறொரு பேச்சு என்னை உண்மையாகவே கோபப்படுத்துகிறது. "நாட்டில் ரெண்டு சதவீதம் பேர்தான் வரி கட்டுகிறார்கள், மற்றவர்கள் சும்மா அனுபவிக்கிறார்கள்." வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்பவர்கள் ஏழு கோடிக்கு மேல் இருக்கிறார்கள், அவர்களிலும் பாதிக்கு மேல் கட்ட வேண்டிய வரி ஏதும் இல்லாதவர்கள் என்பது உண்மை. ஆனால் வருமான வரி மட்டும்தான் வரியா? தாண்டிக்குடியில் காபிப்பழம் பறிக்கும் கூலித் தொழிலாளி தன் போனுக்கு ரீசார்ஜ் செய்யும்போது 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுகிறார். 2017 ஜூலை 1 முதல் 2025 செப்டம்பர் 21 வரை அவர் தேய்த்துக் குளித்த சோப்பிலும் தலைக்குத் தேய்த்த ஹேர் ஆயிலிலும் அதே 18 சதவீதம் இருந்தது. இப்போது 5 ஆகக் குறைந்திருக்கிறது, அதை வரவேற்கிறேன், தாமதம் என்றாலும். கூலி முழுவதையும் செலவழித்தே தீர வேண்டியவருக்கு, விலக்குள்ள பொருள்கள் போக மற்ற எல்லாச் செலவிலும் வரி உண்டு. பாதிச் சம்பளத்தைச் சேமிக்க முடிகிறவருக்கு அந்தப் பாதியில் ஜிஎஸ்டி இல்லை. கட்டுகிறவர் பட்டியலில் அந்தக் கூலித் தொழிலாளியின் பெயர் இல்லை என்பதற்காக அவர் கட்டவில்லை என்று பேசுவது அநியாயம்.

தொழில் வரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அரசியல் சாசனத்தின் 276ஆம் பிரிவு, ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்கிறது. 1988இல் வைத்த வரம்பு, அதற்கு முன் 250 ஆக இருந்தது. அன்று 2,500 பெரிய தொகை. இன்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியரும் அந்த உச்சத்தைத் தொட்டுவிடுகிறார். மாதம் பத்து லட்சம் வாங்குகிறவருக்கும் அதே உச்சம்தான். உள்ளாட்சிக்குப் போகிற பணம் இது. தெருவிளக்காகவும் சாக்கடையாகவும் மாற வேண்டிய பணம். இத்தனை வருஷமாக இந்த எண் அசையாமல் இருப்பதைப் பற்றி எந்தக் கட்சி மேடையிலும் பேச்சைக் காணோம்.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லாததும் இதே ரகம். அரை ஏக்கர் பூண்டு போட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பூம்பாறைக்காரருக்கு அந்த விலக்கு வேண்டும், இரண்டு பேச்சில்லை. ஆனால் விலக்கு ஆளைப் பார்த்து வருவதில்லை. எவ்வளவு பெரிய நிலக்காரராக இருந்தாலும், வேறு எங்கோ வந்த வருமானத்தைத் தோட்டத்தில் விளைந்ததாக எழுதுபவராக இருந்தாலும், அதே குடைக்குள் நிற்கலாம். விவசாய வருமானத்தின் மீது வரி போடும் அதிகாரம் மாநிலங்களுடையது. ஒரு பெரிய தொகைக்கு மேல் மட்டும் என்று தொடங்கினால், சின்ன விவசாயி யாருக்கும் ஒரு பைசா பாதிப்பு வராது.

சரி, கடைகளுக்கு வருகிறேன், என் சொந்தப் பிழைப்பு அதுதானே. சுற்றுலாக்காரர் ஆயிரம் ரூபாய்க்கு சாக்லேட் வாங்கிக்கொண்டு போகிறார். கையில் இருப்பது பில் இல்லை, "எஸ்டிமேட்" என்று மேலே அச்சடித்த துண்டுச்சீட்டு. பக்கத்துக் கடைக்காரர் முறையாக பில் போடுகிறார், அதனால் அவர் விலை கூடுதலாகத் தெரிகிறது, வியாபாரம் குறைகிறது. நேர்மையாக இருப்பவருக்குத் தண்டனை கொடுக்கிற ஏற்பாடு எங்கே இருந்தாலும் அது நிலைக்காது. பிரேசிலின் சாவோ பாலோ மாநிலம் 2007இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. வாடிக்கையாளர் தன் அடையாள எண்ணோடு பில் கேட்டு வாங்கினால் வரியில் ஒரு பங்கு அவருக்கே திரும்ப வரும், குலுக்கல் பரிசும் உண்டு. நாலு வருஷத்தில் கடைகள் காட்டிய விற்பனை குறைந்தது 21 சதவீதம் கூடியதாக ஆய்வு சொல்கிறது. பக்கத்தில் கேரளமும் 2022இல் லக்கி பில் என்று ஒரு செயலி கொண்டுவந்தது. ஆய்வாளர் வந்து பிடிப்பதைவிட, வாங்குகிறவர் "பில் எங்கே அண்ணே?" என்று கேட்பது பத்து மடங்கு வேலை செய்யும். என்னிடம் கணக்கு எழுதுகிறவர்களில் பில் போடுவோரின் முகத்தைக் காப்பாற்றுவதற்காவது தமிழ்நாட்டில் இப்படி ஒன்று வர வேண்டும்.

உலகளவிலும் இதே கதை பெரிய எழுத்தில் நடக்கிறது. ஏழை நாட்டில் லாபம் பார்த்து, வரி குறைந்த ஏதோ ஒரு தீவில் கணக்கு எழுதும் நிறுவனங்களுக்காக 2021இல் 15 சதவீதக் குறைந்தபட்ச வரி என்று 130க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டன. அது போதாது என்று ஆப்பிரிக்க நாடுகள் ஐ.நா.வுக்குள்ளேயே ஒரு வரி உடன்படிக்கை கேட்டுப் போராடுகின்றன. அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். ஆனால் அது டெல்லியிலும் நியூயார்க்கிலும் தீர வேண்டியது. மூஞ்சிக்கல் சரிவில் தீர வேண்டியதை நாம் இங்கேயே கேட்கலாம்.

அதற்காக நானும் வில்பட்டிப் பக்கத்து நண்பர்கள் சிலரும் ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். மூன்று விஷயம் கேட்கிறோம். வாடகைக்கு அறை விடும் கட்டடங்களின் பட்டியலைச் சுற்றுலாத் துறை பதிவு, இணைய விளம்பரம், மின் இணைப்பு வகை மூன்றோடும் ஒப்பிட்டு, உபயோகத்தைத் திருத்த வேண்டும். அளவெடுப்பு 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றிலிருந்து தொடங்கிக் கீழே வர வேண்டும், 600க்கு உட்பட்டவை கடைசியில். ஒவ்வொரு தெருவிலும் எந்தக் கட்டடம் என்ன உபயோகத்தில், எத்தனை சதுர அடியில் பதிவாகியிருக்கிறது என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும், கிராமசபையில் வாசிக்கவும் வேண்டும். பணத் தொகையைப் போட வேண்டாம், அளவும் உபயோகமும் போதும். மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும். மனு முதலில் கிராமசபையில் தீர்மானமாக வர வேண்டும், அதற்கு ஆள் சேர வேண்டும். மேல்மலையிலோ கீழ்மலையிலோ உங்கள் ஊராட்சிக்கும் இது பொருந்தும் என்றால் எழுதுங்கள், மனுவின் நகலை அனுப்புகிறேன். ஊர் பெயரை மாற்றிக்கொண்டால் போதும்.